அழிஞ்சிட்டுது அக்கா

காலையில் பார்த்தபோது தின் பூல் 97 வீதம் நிரம்பியிருந்தது. மெய்நிகர் மெஷின்கள் எல்லாம் பங்கிட்டு, எழுத எழுத இடம் எடுத்துக்கொள்ளும் பொதுச் சேமிப்பிடம் அது. 900 ஜிபியில் ஃபைல் சேர்வரின் டிஸ்க் மட்டும் 400 ஜிபி. அதற்குள் போய்ப் பார்த்தால் 38 வீதம்தான் பாவனையில். மீதியெல்லாம் எப்போதோ அழித்தவை. ஃபைலை அழித்தால் ஃபைல் சிஸ்டம் தன் கணக்கில் மட்டும் இடம் காலி என்று குறித்துக்கொள்ளும். கீழே இருக்கும் பூலுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். அப்படிச் சொல்வதுதான் ட்ரிம். அதற்கான டிஸ்கார்ட் தெரிவைப் போடாமலே விட்டிருந்தோம். நான்தான் விட்டிருந்தேன். போட்டு, மெஷினை நிறுத்தி ஏற்றி, கட்டளையையும் அடித்து வைத்திருந்தேன். என்டர் மட்டும் பாக்கி.

அப்போது கணக்குக் கிளை அக்காவின் கோல். “தம்பி, நேத்து ஸ்கேன் பண்ணின போல்டரைப் பின்னேரம் தவறுதலா அழிச்சிட்டன். எடுக்கலாமா?”

“பாக்கிறன் அக்கா” என்றேன். போனை வைத்தேன். என்டரை அழுத்தினேன்.

பூல் நிரம்பினால் எழுத வரும் மெஷின்கள் எல்லாம் ஒரு நிமிடம் காத்திருந்து பிழை அடிக்கத் தொடங்கும். சம்பளப் பட்டியலும் அதே பூலில்தான். பேக்கப் ஓடுவது இரவு ஒரு மணிக்கு. அந்த போல்டர் வந்ததும் போனதும் அதற்கு முன். என்ன செய்திருக்க முடியும்?

ட்ரிம் 248 ஜிபி என்று காட்டியது. அது காலி இடம் முழுவதையும் சொல்லும் கணக்கு, திரும்பக் கிடைத்ததல்ல. பூல் 71க்கு இறங்கியது, அதுதான் நிஜம். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு மீட்பு மென்பொருளை ஓடவிட்டேன். ட்ரிம் ஆன இடத்தைப் படித்தால் வெறும் பூச்சியம்தான் வரும் என்று தெரிந்தேதான் ஓடவிட்டேன்.

பின்னேரம் அக்கா வந்தார். “மறுகா என்ன தம்பி, வந்ததா?”

“அழிஞ்சிட்டுது அக்கா.”

அவர் காலையில் சொன்னது ‘அழிச்சிட்டன்’. நான் சொன்னது ‘அழிஞ்சிட்டுது’. அவர் “சரி, என்ட பிழைதானே” என்று போய்விட்டார்.

அடுத்த நாள் கல்லடிப் பாலத்தில் வரும்போதுதான் அந்தச் சோதனை மெஷின் ஞாபகம் வந்தது. 60 ஜிபி, யாரும் தொடாதது. அதை நீக்கியிருந்தால் பூல் 90க்கு வந்திருக்கும். ட்ரிம்மை ஒரு நாள் தள்ளிப்போட்டுப் படங்களைத் தேடியிருக்கலாம். கிடைத்திருக்குமா? இரவு முழுக்க ஓடிய சேர்வர், மேலே வேறு ஏதாவது எழுதியிருக்கும். கிடைத்திருக்காது என்றே பெரும்பாலும் நினைக்கிறேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதும் தெரிகிறது.

நான் போனபோது அக்கா மழையில் ஒட்டிப்போன விண்ணப்பத் தாள்களை ஸ்கேல் முனையால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். உதவட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

இப்போது எல்லா மெஷினிலும் ட்ரிம் கிழமைக்கு ஒருமுறை, திங்கள் நள்ளிரவுக்குப் பிறகு, தானாக ஓடுகிறது. நான் என்டர் அழுத்தத் தேவையில்லை. அக்காவிடம் இதைச் சொல்லவில்லை.