செங்கல் பீட்சா அடுப்பு: வீட்டுக்குப் பின்னாடி நாங்களே கட்டினது

பீட்சா அடுப்பு கட்டணும்னு ஆசைப்படுறவங்க எல்லாரும் மேல வர்ற டோமைப் பத்தித்தான் முதல்ல கேக்குறாங்க. எங்க வீட்டுப் பின்பக்கம் ஒண்ணு கட்டி எரிச்சுப் பாத்த பிறகு நான் சொல்றது, டோமை எப்படியும் கட்டிரலாம், சூடு கீழ இறங்காம தடுக்கிறதுலயும் கட்டுமானத்துல இருக்கிற ஈரத்தை அவசரப்படாம வெளியேத்துறதுலயும்தான் அடுப்போட ஆயுசே இருக்கு.

நாங்க இருக்கிறது கோயமுத்தூர். ஃபவுண்டரி ஊருங்கிறதால ஃபயர் பிரிக் (அதிக சூடு தாங்குற செங்கல்), ஃபயர் கிளே (சூடு தாங்குற களிமண்), செராமிக் பிளாங்கெட் (சூடு வெளிய போகாம சுத்துற பஞ்சு மாதிரி போர்வை) எல்லாம் தேடி அலையாம கெடச்சுது. சாதா செங்கல்லயும் நம்மூர் பேக்கரி அடுப்புகள் கட்டியிருக்காங்கதான், ஆனா பீட்சாவுக்கு 400 டிகிரி தாண்டி ஏறி, ஆறி, மறுபடி ஏறணும், அதுல சாதா செங்கல் நாளாக நாளாக உதிர ஆரம்பிச்சிரும். அதனால நெருப்பு படுற இடம் பூராவும் 9 இன்ச்சுக்கு 4½ இன்ச் ஃபயர் பிரிக்தான், காசைப் பாக்காதீங்க.

மூணடி உயரத்துக்கு சாலிட் பிளாக் வச்சு, மேல 4 இன்ச் கம்பி கட்டின கான்கிரீட் ஸ்லாப். அடுத்து வெர்மிகுலைட், மாடித்தோட்டத்துக்கு விப்பாங்களே அதேதான், அஞ்சு பங்குக்கு ஒரு பங்கு சிமெண்ட் கலந்து 4 இன்ச் கனத்துக்குப் போட்டோம். கொத்தனார் கையில ஒரு புடி எடுத்துப் பாத்துட்டு "என்னங்க தெர்மாகோல் மாதிரி இருக்குது, இது எப்படிங்க இத்தன செங்கல்லத் தாங்கும்"னு கேட்டாரு. நல்லா இறுகின பிறகு அவரே மேல ஏறி நின்னு பாத்து சமாதானமாயிட்டாரு. இந்த லேயர் இல்லேன்னா நீங்க எரிக்கிற விறகோட சூட்டை கீழ இருக்கிற ஸ்லாப் உறிஞ்சிக்கிட்டே இருக்கும், மேல டோம் தகதகன்னு இருக்கும், பீட்சா அடியில மட்டும் வெளுத்துப் போய் வரும்.

தளத்துக்கு செங்கலை கலவை வைக்காம, மெல்லிசா மணலும் ஃபயர் கிளேயும் பரப்பி அது மேல நெருக்கி அடுக்கினோம், வாசலுக்குக் கோணலா வர்ற மாதிரி, அப்பத்தான் பீட்சாவை எடுக்கிற நீளக் கரண்டியைத் தள்ளும்போது விளிம்புல தட்டாது, பின்னாடி ஒரு கல் வெடிச்சாலும் அதை மட்டும் மாத்திக்கலாம். உள் விட்டம் 36 இன்ச், டோம் உயரம் 18, வாசல் உயரம் 11½ இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவா. வாசல் உயரம் டோம் உயரத்துல 63 சதவீதம் பக்கத்துல இருக்கணும், கூடினா சூடு வெளிய ஓடிரும், குறைஞ்சா காத்து பத்தாம புகையும்.

டோம் வளைவுக்கு வெல்டிங் பட்டறையில ஒரு கம்பி செஞ்சு வாங்கினோம், ஒரு முனை தளத்தோட நடுவுல எல்லாப் பக்கமும் சுத்துற மாதிரி, இன்னொரு முனையில செங்கலைப் புடிச்சுக்க ஒரு எல் ஆங்கிள். ஒவ்வொரு அரைச் செங்கலையும் தண்ணில முக்கி எடுத்து, கலவை தடவி, அந்தக் கம்பி காட்டுற இடத்துல வச்சுட்டா போதும், கண்ணளவே தேவையில்ல. கலவை, மூணு பங்கு மணலுக்கு சிமெண்ட், சுண்ணாம்பு, ஃபயர் கிளே ஒவ்வொண்ணும் ஒரு பங்கு. செங்கல் அறுக்கும்போது மாஸ்க் கட்டாயம் போடுங்க, அந்த சிலிக்கா தூசு நுரையீரலுக்கு ஆகவே ஆகாது.

டோம் மூடினதும் பசங்க எல்லாம் அன்னைக்கே பீட்சான்னு நிக்கிறாங்க. பக்கத்து வீட்டுப் பெரியவர், ஃபவுண்டரியில ஃபர்னஸ் பாத்து ரிட்டையர் ஆனவரு, வந்து ஒரு கையால டோமைத் தொட்டுப் பாத்தாரு. "கண்ணு, உருக்கின உலோகத்தை ஊத்துற லேடில்ல உள்பக்கம் புது லைனிங் போட்டா நாங்க பதமா காய வச்சுத்தான் உலோகத்தை ஊத்துவோம், ஈரத்தோட ஊத்துனா பேத்துக்கிட்டு வந்துரும், இதுவும் அதே கணக்குதான்"ன்னாரு. அவர் சொன்னது முழுக்க சரி, தண்ணி ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல விரியுது, வெளிய வர வழியில்லேன்னா செங்கல் இணைப்பைத்தான் பிளக்கும். கொஞ்ச நாள் ஈரச் சாக்கு போட்டு மூடி வச்சு, அப்புறம் சும்மா காய விட்டு, அதுக்கப்புறம்தான் சுள்ளி வச்சு நெருப்பு. முதல்ல 100, 150 டிகிரி, அடுத்த நாள் கொஞ்சம் கூட, அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். வெளிப்பக்கம் கலவை கோடெல்லாம் ஈரமா கறுத்து லேசா ஆவி வந்துச்சு, உள்ள அவ்வளவு தண்ணி இருந்திருக்கு. அது நின்ன பிறகுதான் 2 இன்ச் செராமிக் பிளாங்கெட் சுத்தி, கோழி வலை கட்டி, மேல பூச்சு. முடி மாதிரி மெல்லிசா ஒண்ணு ரெண்டு விரிசல் வரும், பயப்படாதீங்க.

விறகு சவுக்கு இல்லேன்னா நல்லாக் காஞ்ச சீமைக்கருவேலம். முதல்ல டோம் உள்பக்கம் கரி புடிச்சு கன்னங்கரேல்னு இருக்கும், சூடு ஏற ஏற உச்சியில இருந்து அந்தக் கரி எரிஞ்சு செங்கல் வெள்ளையா தெரிய ஆரம்பிக்கும், அந்த வெள்ளை பக்கவாட்டுலயும் இறங்கிருச்சுன்னா அடுப்பு ரெடி. நெருப்பை ஒரு ஓரமா தள்ளி, தளத்தை ஈரத்துணியால துடைச்சு, பீட்சாவை உள்ள விட்டா 90 வினாடியில ஓரமெல்லாம் உப்பி அங்கங்க கருகி வெளிய வருது. கதவை மூடி வச்சுட்டா மறுநாள் காலையில பிரெட் போடுற அளவுக்கு சூடு மிச்சம் இருக்கு, எனக்கு பீட்சாவை விட இதுலதான் சந்தோஷம் அதிகம்.

மழைக்காலத்துக்கு முன்னாடி மேல ஒரு தகர ஷீட் போட்டுருங்க. நாலஞ்சு நாள் விடாம பேஞ்சு அடுப்பு நனைஞ்சுதுன்னா நேரா பெரிய தீ வைக்காம, திரும்பவும் சுள்ளியில இருந்தே ஆரம்பிங்க.