பாட்டுக்கு முன்னால் ஓடிய ஏவி

என்ன பாடுவீர்கள் என்று எழுத, டிவி பாட்டுப் போட்டியின் விண்ணப்பத்தில் இரண்டு வரி விட்டிருந்தார்கள். அடுத்த பக்கம் முழுவதும் ஒரே கேள்விக்கு: நீங்கள் கடந்து வந்த மிகக் கடினமான கட்டம் எது? இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கலாம் என்று ஒரு சலுகை வேறு.

எனக்கென்று பெரிய கஷ்டம் எதுவும் கிடையாது. கஷ்டப்பட்டது அக்கா.

எங்கள் இருவரில் அக்காதான் பாடகி. அவள் பாடுவதைக் கேட்டுக் கேட்டுப் பாட வந்தவன் நான். கழுத்தில் கட்டி என்று தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. குரல் நாண்களை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டித்தான் போகிறது. அதில் அடிபட்டுவிட்டது. கொஞ்சம் காற்று கலந்தாற்போலப் பேச்சு திரும்பி வந்தது. பாட்டு வரவில்லை. இதை அந்தப் பக்கத்தில் ஒரு பத்தியாக எழுதினேன். அவளிடம் கேட்கவில்லை. படிவத்தை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

படித்தார்கள். வேறெதையும் படித்த மாதிரித் தெரியவில்லை.

தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். டிவியில் பார்க்கும் நடுவர்கள் முன்னால் நேராகப் போய் நிற்க முடியாது. அதற்கு முன் கேமரா இல்லாத சுற்றுகள் இருக்கும். எனக்கு இரண்டு நடந்தன. பின்னணி இசை ட்ராக் கிடையாது, ஒரு பல்லவி, ஒரு சரணம், ‘போதும், வெளியே இருங்க’. இரண்டாவது சுற்று முடிந்ததும் இன்னொரு அறைக்கு அனுப்பினார்கள். கிரியேட்டிவ் டீமிலிருந்து ஒரு பெண், மடியில் நோட்டு. “பாட்டு ஓகே. இப்போ உங்களைப் பத்திச் சொல்லுங்க.” என் வேலையைச் சொன்னேன், பேனா அசையவில்லை. யாரிடம் கற்றேன் என்று சொன்னேன், அதற்கும் அசையவில்லை. அக்கா என்று ஆரம்பித்ததும் பேனா ஓடத் தொடங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நானும் கொஞ்சம் நீட்டினேன். அவள் பழைய சுருதிப் பெட்டியை இன்னும் தூக்கிப் போடவில்லை என்றேன். அது உண்மைதான். ஆனால் அலமாரியில் வேறு இடமில்லாத எல்லாச் சாமான்களோடும் அதுவும் கிடக்கிறது என்பதைச் சொல்லவில்லை.

ஒப்பந்தம் வந்தது. எடுத்ததை எப்படி வேண்டுமானாலும் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்று அதில் தெளிவாகவே இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

பைட், அதாவது கேமரா முன்னால் நம் கதையைச் சொல்லும் பேட்டி, எடுக்கும் நாள் காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். பாட்டு நான்கு மணிக்கு. கேள்வி கேட்பவரின் குரல் பிறகு வெட்டப்பட்டுவிடும் என்பதால், கேள்வியையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். ‘அக்காவுக்கு எப்போ குரல் போச்சு?’ என்றால் ‘என் அக்காவுக்குக் குரல் போன அந்த நாள்...’ என்று நான் தொடங்க வேண்டும். முதல் டேக்கில் சாதாரணமாகச் சொன்னேன். “நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் மெதுவா சொல்றீங்களா?” இரண்டாவதில் மெதுவாகச் சொன்னேன். மூன்றாவதில், மருத்துவமனையிலிருந்து வந்த மறுவாரம் அவள் சமையலறையில் யாருமில்லை என்று நினைத்து ‘ஸா’ பிடித்துப் பார்த்ததைக் கேட்டார்கள். அந்த இடத்தில் உடைந்துவிட்டேன். நடிக்கவில்லை. ஆனால் உடைந்துகொண்டிருக்கும்போதே, இது நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குள் ஒருவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். கேமராமேன் லென்ஸை மெல்லத் திருகிக் கிட்டே வருவது தெரிந்தது. நான் முகத்தை மூடவில்லை.

பாடுகிறவர்களுக்குத் தெரியும், அழுத தொண்டை லேசில் பாடாது. அழும்போது நிறைய காற்று உள்ளே போக வேண்டும் என்று உடம்பு குரல்வளையை அகலத் திறந்தே வைக்கப் பார்க்கும். எச்சில் விழுங்கவோ அது மூட வேண்டும். இந்த இழுபறிதான் தொண்டையில் உருண்டை அடைத்தாற்போல இருப்பது. போதாததற்கு, கண்ணீரில் ஒரு பங்கு உள்வழியாக மூக்கில்தான் வடிகிறது. மூக்கடைப்போடு நான்கு மணிக்கு மேடையேறினேன். சரணத்தில் மேலே போகிற இடத்தில் சுருதி அரை இழை கீழே நின்றது. எனக்குக் கேட்டது, நடுவர்களுக்கும் கேட்டிருக்கும். ஆனால் அவர்களுக்கு ஏவி, அதாவது பைட்டை வெட்டி ஒட்டிப் பாட்டுக்கு முன்னால் ஓட்டும் அறிமுகப் படம், போட்டுக் காட்டியாகிவிட்டது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்த இடத்துல உங்க வலி தெரிஞ்சுது” என்றார். அது வலி இல்லை சார், சளி.

இதையெல்லாம் ஒரு சேனலின் சூழ்ச்சி என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. 2001-இல் பிரிட்டனில் ‘பாப் ஐடல்’, அடுத்த ஆண்டு ‘அமெரிக்கன் ஐடல்’ என்று வந்தபோது, முடிவு மக்கள் ஓட்டுக்குப் போனது. பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாகப் பாடினால், நிகழ்ச்சி முடிந்த பிறகு யார் எப்படிப் பாடினார் என்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? ‘அந்த அக்கா கதைப் பையன்’ என்றால் ஞாபகம் இருக்கும். நானே பார்வையாளனாக இருந்தவரை அப்படித்தான் ஓட்டுப் போட்டேன். 2010-இல் நெதர்லாந்தில் தொடங்கிய ‘தி வாய்ஸ்’ நிகழ்ச்சியில் குரலை மட்டும் கேட்க வேண்டும் என்று நடுவர்களைத் திருப்பி உட்காரவைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பது நடுவர்கள் மட்டுமே. வீட்டில் இருப்பவருக்கு, வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் குடும்பம் வரை எல்லாம் தெரியும்.

எடிட்டிங் என்ன செய்யும் என்று பார்க்க, 2009-இல் பிரிட்டனின் ஒரு திறமைப் போட்டியில் சூசன் பாயில் பாடிய பதிவைப் பாருங்கள். அவருக்கு அப்போது 47 வயது. பாட்டுக்கு முன்னால் உதட்டைச் சுழிக்கும் முகங்கள், பாடத் தொடங்கியதும் வாயைப் பிளக்கும் முகங்கள். குரல் நல்ல குரல்தான், சந்தேகமில்லை. ஆனால் நாம் அழுவது பாதி அந்த முகங்களை அடுக்கிய விதத்தால். இறுதிச் சுற்றில் அவர் இரண்டாம் இடம்தான் வந்தார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அடுத்த சுற்றில் அக்காவைக் கூட்டிவரச் சொன்னார்கள். ‘பார்வையாளர் வரிசையில சும்மா உட்கார்ந்தா போதும்’ என்று அவளிடமே போனில் பேசிச் சம்மதம் வாங்கினார்கள். நான் பாடி முடித்ததும் விளக்கு அவள் மேல் விழுந்தது. மேடைக்கு அழைத்தார்கள். ஒரு நடுவர், “உங்க தம்பிக்காக ரெண்டே ரெண்டு வரி...” என்று மைக்கை நீட்டினார். வராத குரலை வரவழைத்துக் காட்டச் சொல்கிறார் என்று எனக்கு உறைக்கவே சில நொடிகள் ஆயின. நான் எதுவும் சொல்லவில்லை. அக்கா மைக்கை வாங்கி, தன் காற்றுக் குரலில், “நான் கேக்கத்தான் வந்தேன் சார், அவன் ரெண்டாவது சரணத்துல தாளம் விட்டான், அதை முதல்ல கேளுங்க” என்றாள். அரங்கமே சிரித்தது. அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொண்டாள். அவள் ஒரு நாளைக்கு இருபது தடவை செய்கிற வேலை அது.

ஒளிபரப்பில் அவள் பேசியது இல்லை. சிரிப்பும் இல்லை. விளக்கு, பின்னணியில் வயலின், நான் உடைந்த பழைய பைட், கண்ணாடியைக் கழற்றும் அக்கா, மறுபடி வயலின். பார்த்தவர்கள் எல்லாரும் அவள் விம்மி அழுதாள் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் இரண்டாவது சரணம் முழுசாகப் போய்விட்டது. கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன்: கதை மூன்று நிமிடம், பாட்டு இரண்டு நிமிடத்துக்கும் குறைவு.

அன்று இரவு அக்கா அதிகம் பேசவில்லை. “என் தொண்டையைக் காட்டி ஓட்டு கேக்குறியாடா?” என்று மட்டும் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிற மாதிரி. என்னிடம் பதில் இருக்கவில்லை. மறுநாளிலிருந்து தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாரும் ‘அக்காவுக்கு இப்ப எப்படி இருக்கு?’ என்று கேட்டார்கள். பாட்டு எப்படி இருந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

எங்களோடு ஒரு பெண் பாடினாள். என்னைவிட நிச்சயமாக நன்றாகப் பாடுகிறவள். பைட்டில் அவளிடம் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார்கள். “எங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்கோம் மேடம்” என்றாளாம். அவளுக்குக் குறும்புக்காரி என்று ஒரு ஏவி போட்டார்கள், குதிப்பதும் ஐஸ்கிரீம் சாப்பிடுவதுமாக. எனக்கு இரண்டு வாரம் முன்னாலேயே வெளியே போனாள். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து, ‘அக்காவைக் கேட்டதா சொல்லுங்கண்ணா’ என்றாள்.

எனக்கும் கதை தீர்ந்தது. “புதுசா ஏதாவது இருக்கா?” என்று நோட்டுப் பெண் கேட்டபோது இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து எடுக்கிறோம், அந்தச் சுருதிப் பெட்டியோடு அக்காவை ஒரு ஷாட் என்றார்கள். அதற்கு மட்டும் முடியாது என்று சொன்னேன். கொஞ்சம் தாமதமாக வந்த வீரம். அடுத்து வந்த ஓட்டெடுப்பில் வெளியே வந்தேன். ஏவி இல்லாததாலா, அன்று சுமாராகப் பாடியதாலா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சுமாராகத்தான் பாடினேன்.

போகப்போகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். படிவத்தில் எழுதுவதற்கு முன்னால், அது யாருடைய கதையோ அவரிடம் கேளுங்கள். அந்தத் தாளில் எழுதியது அத்தனையும் திரைக்கு வரும். எதைப் பற்றிப் பேச மாட்டீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், பாதியில் சொன்னால் யாரும் கேட்பதில்லை. பைட்டைப் பாட்டுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்து ஒருவர் கேட்டார், ஒத்துக்கொண்டார்கள்.

போன வாரம் அக்கா அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தாள். சுருதிப் பெட்டி கையில் வந்தது. தூசி தட்டி என் பக்கம் தள்ளினாள். “டிவில வெட்டுனாங்களே, அந்த ரெண்டாவது சரணம், பாடு பாப்போம்.” பாடினேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

“பாரு, அதே இடத்துல ஓடுறே.”