டைகர் இட்லி தின்னாத செவ்வாய்க்கிழமை

எங்க வீட்டில் இப்போது மாத்திரைக்கு ரெண்டு கணக்கு ஓடுகிறது. அப்பாவுக்குச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், எங்க நாய் டைகருக்குச் சாப்பாட்டுக்குப் பின்னால். முதல் நாள் ரெண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்தேன். ராத்திரி படுத்த பிறகு பயம் பிடித்துக்கொண்டது. எழுந்து போய் டைகருடையதை எடுத்துத் தையல் மெஷின் டிராயரில் பாபின்களோடு போட்டேன். இப்போது பாபின் தேடினால் மாத்திரை கிடைக்கிறது.

அப்பாவுக்கு ஆறு வருஷமாகப் பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம். அதற்குச் சிண்டோபா மாத்திரை காலை 7, பகல் 11, சாயங்காலம் 3, ராத்திரி 7. பருப்பு, முட்டை கூடவே உள்ளே போனால் மருந்து சரியாகப் பிடிக்காது, அதனால்தான் அந்த அரை மணி. நேரம் தப்பினால் நடையில் தெரிந்துவிடும். அடுக்களை நிலைப்படி பக்கம் வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் சாயும், பாதம் வராது. தென்காசியில் ஒரு பிசியோதெரபிப் பிள்ளை வழி சொன்னாள்: "தரையில குறுக்கக் கோடு போடுங்கக்கா. அதத் தாண்டச் சொல்லுங்க, கால் தானா எந்திரிக்கும்." என் தையல் சாக்பீஸால் கட்டிலிலிருந்து பின்வாசல் வரை ஒன்றரை அடிக்கு ஒரு கோடு கிழித்தேன். அப்பா கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார்.

"ஏட்டி, ஸ்லீப்பர் கட்ட போட்டிருக்கியா?"

நடந்தார். ஒரு கோடு விடாமல் நடந்தார்.

அவர் ரயில்வேயில் கீமேனாக இருந்தவர். பகவதிபுரம், ஆரியங்காவுப் பக்கம் மழையானாலும் மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே, தோளில் சுத்தியும் ஸ்பேனருமாக, தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கிற ஸ்லீப்பர் கட்டைகளில் கட்டைக்குக் கட்டை நடந்த கால் அது. 2008ல் ஓய்வு. 2010ல் புனலூர் வரைக்கும் அந்த லைனையே நிறுத்திவிட்டார்கள். அகலப்பாதை போட்டுத் திறக்க 2018 ஆயிற்று. "நான் எறங்குனேன், லைன் படுத்துட்டு" என்று பெருமையாகச் சொல்வார். அவர் பிறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. 1956ல்தான் இந்தப் பக்கம் வந்தது. கோபம் வந்தால் "நான் வேற நாட்டுக்காரன்" என்பார், அது தனிக் கதை.

டைகருக்கு வருகிறேன். நாட்டு நாய், ஏழு வயசு. அப்பா சாப்பிடும்போது கை நடுங்கி இட்லியில் கால்வாசி கீழே விழும். நாற்காலிக்கு அடியில் டைகர் காத்திருப்பான். விழுகிற சத்தம்கூடக் கேட்காது, அதற்குள் தரை சுத்தமாகியிருக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை இட்லி விழுந்தது. கிடந்தது. இன்னொரு துண்டும் விழுந்தது. கிணற்றடியில் படுத்திருந்த டைகர் தலையைக்கூடத் தூக்கவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு வெளுத்துக் காகிதம் மாதிரி இருந்தது. காது மடலுக்குள் உண்ணி, வேர்க்கடலைப் பருப்பு அளவுக்கு ஊதிப்போய்.

என் வீட்டுக்காரர் பாவூர்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு முந்தின ராத்திரிதான் கொல்லம் போயிருந்தார். போன் பண்ணினால், "கோட்டைவாசல் தாண்டி வர மத்தியானம் ஆகும், நீ ஆட்டோ பாரு" என்றார். முதல் ரெண்டு ஆட்டோக்காரர்களும் நாயைப் பார்த்ததும் சவாரி இருக்கிறது என்றார்கள். மூணாவது ஆள் சாக்கு விரித்தால் வருகிறேன் என்றார். அப்பாவை அடுத்த வீட்டுச் சித்தியிடம் விட்டு, 11 மணி மாத்திரையைச் சித்தி கையிலேயே கொடுத்து, புளியரையிலிருந்து தென்காசிக்கு மிருக டாக்டரிடம் போனோம். ரத்தத்தில் தட்டணு, அதாவது பிளேட்லெட், 38,000. ரெண்டு லட்சத்துக்குக் குறையக் கூடாதாம். உண்ணியால் வருகிற எர்லிக்கியா. டாக்ஸிசைக்ளின் 28 நாள், நாலாம் நாளே துள்ளினாலும் நிறுத்தக் கூடாது, வெறும் வயிற்றில் கூடாது, விழுங்கினதும் தண்ணீர் ஊட்ட வேண்டும்.

திரும்பி வந்தால் சித்தி வாசலிலேயே நிற்கிறாள். "உண்ணிக் காய்ச்சல்னா மனுசருக்கும் வரும்லா? நோயாளி இருக்க வீட்டுல இத வெச்சிக்கிடணுமா?" அவளைக் குறை சொல்ல முடியாது, நம்ம ஊரில் ரெண்டுக்கும் ஒரே பெயர். மனுசருக்கு வருவது ஸ்க்ரப் டைபஸ். புல்லிலும் புதரிலும் இருக்கிற வேறொரு சின்னப் பூச்சி கடித்து வருவது. டைகரைத் தொட்டால் அது வராது. மாத்திரை மட்டும்தான் ரெண்டுக்கும் ஒன்று. இதைச் சொல்லி முடிப்பதற்குள் சித்தி தன் புடவையை உதறிவிட்டுப் போய்விட்டாள். அப்பாவுக்கு 11 மணி மாத்திரை கொடுத்தாளா என்று கேட்க விட்டுப்போனது. உள்ளே ஓடிப் பார்த்தேன். கொடுத்திருந்தாள், தயிர்சாதத்தோடு.

நவம்பர் என்பதால் பென்ஷனுக்கு ஆயுள் சான்று வேறு. போன வருஷம் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போன இடத்தில், நடுங்குகிற விரலை மிஷின் ஏற்காமல், "உக்காருங்க, உக்காருங்க" என்றே மத்தியானமாக்கினார்கள். இந்த வருஷம் தபால்காரரை வீட்டுக்கே வரச் சொன்னேன், 70 ரூபாய். வியாழக்கிழமை வந்தவர் கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார்.

"நாயைக் கட்டிருக்கீங்களாக்கா? சத்தத்தக் காணும்?"

டைகர் திண்ணையில் படுத்து அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். தபால்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் குந்தினார். அப்புறம்தான் மிஷினை எடுத்தார். வலது கை கட்டைவிரல் மூணு தடவை ஆகவில்லை. அப்பாவின் இடது கையை என் ரெண்டு கைக்குள் வைத்து அழுத்திக்கொண்டேன், ஆள்காட்டி விரலில் ரேகை விழுந்தது.

அந்த வாரம் நான் தரையைத் துடைத்த கணக்கைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். காலையில் இட்லி, மத்தியானம் சோறு, சாயங்காலம் பிஸ்கட் தூள், அதைத் தேடி எறும்பு. இத்தனை வருஷமாக அதில் ஒன்றையும் நான் பார்த்ததே இல்லை. முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட் நாலும் ஹூக் வைக்காமல் கிடந்தன.

ஒன்பதாம் நாள். மூணு மணி மாத்திரை ஹூக் வேலையில் பத்து நிமிஷம் தள்ளிப்போய்விட்டது. ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், மருந்து ஏறுவதற்குள் அப்பா தானாகவே எழுந்துவிட்டார். நிமிர்ந்து பார்க்கிறேன், நிலைப்படிக்கு முன்னால் கோட்டின் மேலேயே குறுக்காக டைகர் நீட்டிப் படுத்திருக்கிறான். ஊசியைப் போட்டுவிட்டு, "அப்பா, நில்லுங்க!" என்று கத்தினேன்.

"நீ சும்மா கெட. கட்டையில படுத்துக் கெடக்கான்."

காலைத் தூக்கினார். என்றைக்கும் தூக்காத உயரத்துக்குத் தூக்கினார். டைகர் வாலை மட்டும் சுருக்கிக்கொண்டான்.

அவன் எழுந்த பிறகு பார்த்தால் அந்த இடத்தில் ரெண்டு கோடு வயிற்றோடு அழிந்துபோயிருந்தது. திரும்பக் கிழிக்கலாம் என்றால் டிராயரில் சாக்பீஸ் நகம் அளவுதான் மிச்சம். நாளைக்குச் செங்கோட்டை போய் ஒரு பெட்டி வாங்க வேண்டும், ஹூக்கும் ரெண்டு அட்டை.