சனிக்கிழமைக் கூலியும் பதினைந்தாம் தேதியும்

திருப்பூரில் கூலி சனிக்கிழமை. பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இரண்டுமோ மாதக் கணக்கு. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் பணம் கட்டியாக வேண்டும். பவர் டேபிள் தையல் மெஷின் போட்டு, பிற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துத் தரும் ஜாப் ஒர்க் எடுக்கும் சின்ன யூனிட்டுகளின் தொல்லையில் பாதி, இந்த இரண்டு கணக்கும் ஒட்டாததால் வருவது. கட்ட மனமில்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள், சட்டம் கெடுபிடி என்று முதலாளிகள் சொல்வார்கள். கூலி நோட்டைப் புரட்டிப் பார்த்தால் வேறு கதை தெரியும்.

தைத்த துணியில் பிழை பார்க்கும் செக்கிங் ஆளுக்கு ஷிப்டுக்கு 500 ரூபாய், மாதம் 24 ஷிப்ட் என்று வைப்போம். கூலி 12,000. அவர் பங்கு பிஎஃப் 12 சதவீதம், 1,440, இஎஸ்ஐ 0.75 சதவீதம், 90. முதல் மூன்று வாரமும் முழுக் கூலியையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, நாலாவது வாரம் 1,530-ஐப் பிடித்தால் கையில் பாதிதான் மிஞ்சும். திங்கட்கிழமை அவர் பக்கத்து கம்பெனியில் இருப்பார். சரி, இந்த மாதம் விட்டுவிட்டு அடுத்த மாதம் சேர்த்துப் பிடிக்கலாம் என்றால் விதி இடம் தராது. அந்தந்தக் கூலியில் பிடிக்காத தொழிலாளி பங்கு முதலாளி தலையில்தான் விழும். வாராவாரம் 3,000-க்கு 382 ரூபாய் 50 காசு பிடித்துச் சீட்டில் எழுதிக் கொடுப்பது ஒன்றே வழி. முதலாளி பங்கு தனி: பிஎஃப், காப்பீடு, நிர்வாகக் கட்டணம் சேர்த்து 13 சதவீதம், இஎஸ்ஐ 3.25 சதவீதம், ஆக 1,950. மொத்தம் ஒரு ஆளுக்கு 3,480 ரூபாய். பீஸ் ரேட் பேசும்போதே இதைச் சேர்க்காத யூனிட், 15-ஆம் தேதி கடன் வாங்கும்.

பிடித்த பணத்தை நூல் கடைக்குத் திருப்பிவிட்டு மெதுவாகக் கட்டுவது இன்னும் மோசம். வட்டி, அபராதத்தோடு போகாது. தொழிலாளியிடம் பிடித்த பங்கு ஒரு நாள் தாமதமானாலும் வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் காட்ட முடியாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 15-ஆம் தேதி சர்வர் இழுக்கும், ஓடிபி வராது. பத்தாம் தேதிக்கே சலான் எடுப்பவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை.

அடுத்தது ஒன்றரை ஷிப்ட். எட்டு மணி நேரத்தை மட்டும் வருகைப் பதிவேட்டில் எழுதி, மீதி அரை ஷிப்டைத் துண்டுச் சீட்டில் கொடுப்பது ஊர் வழக்கம். பணம் மிச்சம் என்று நினைக்கிறார்கள். ஓவர்டைம் கூலிக்குப் பிஎஃப் கிடையாது. ஆகவே அதில் மிச்சமும் கிடையாது. 2025 நவம்பர் வரை இருந்த சட்டத்தில் இஎஸ்ஐ மட்டும் உண்டு, அதுவும் இரு பங்கும் சேர்த்து நூற்றுக்கு 4 ரூபாய்தான். அந்த 4 ரூபாய்க்காக எதைப் பணயம் வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். இரவு ஏழு மணிக்கு ஓவர்லாக் ஊசி விரலில் இறங்குகிறது. பதிவேட்டின்படி அவர் ஐந்தரைக்கே வீட்டுக்குப் போய்விட்டார். வேலை நேரத்தில் பட்ட காயம் என்று அப்புறம் எதை வைத்துக் காட்டுவது? புது ஆளை விபத்துக்குப் பிறகு அவசரமாக இஎஸ்ஐ-யில் சேர்ப்பதும் இதே ரகம். பதிவான நேரம் கணினியில் நிற்கும், விசாரணை வரும். விதியில் பத்து நாள் அவகாசம் இருந்தாலும், மெஷினில் உட்காரும் முன் இஎஸ்ஐ எண் போட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

இஎஸ்ஐ-யில் சேர்வதற்கான மாதக் கூலி உச்சவரம்பு 21,000-ஐப் பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்க்கக் கூடாது. பங்கு கணக்கிடும்போது சேர்க்க வேண்டும் என்பது 2025 நவம்பர் வரை இருந்த விதி. ஜூனில் ஒரு டெய்லர் 21,000-ஐத் தாண்டினாலும் செப்டம்பர் முடியும் வரை பிடித்தம் தொடரும். பலர் ஜூலையிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

ஆள் கணக்கு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இஎஸ்ஐ-க்குப் பத்து, பிஎஃப்-புக்கு இருபது. “எங்க ஆள் எட்டுப் பேருதானுங்க, மத்ததெல்லாம் காண்ட்ராக்டர் ஆளுங்க” என்பது செல்லாது. உங்கள் கூரைக்குக் கீழ் டெய்லருக்கு உதவும் கைமடி வரை எண்ணிக்கையில் வருவார். ஒருமுறை சட்டத்துக்குள் வந்த யூனிட், ஆள் குறைந்துவிட்டது என்று வெளியேறவும் முடியாது.

நம் ஊருக்கே உரிய தலைவலி இனிஷியல். ஆதாரில் ‘செல்வி மு’, பாங்க் பாஸ்புக்கில் ‘மு செல்வி’, பழைய கம்பெனி கொடுத்த பிஎஃப் கணக்கில் ‘செல்வி முருகன்’. மூன்றும் ஒரே ஆள்தான், கணினிக்கு மூன்று பேர். ஆதாரில் உள்ளது உள்ளபடி, புள்ளி இடைவெளி உட்பட, சேரும் நாளிலேயே எழுத வேண்டும். பிறந்த தேதியையும் வாய்க்கணக்கில் எழுதக் கூடாது. வெளிமாநிலத் தொழிலாளிகளிடம் ஆதாரோடு இணைத்த பழைய சிம் இருக்காது. எண்ணை மாற்ற அரை நாள் கூலியோடு ஆதார் மையத்துக்கு அனுப்புவது வீண் செலவில்லை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கிப் படிகளை ஊதிக் காட்டிய யூனிட்டுகளுக்குத்தான் அதில் உடனடிச் சிக்கல்: படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகையும் ஊதியமாகிவிடும். பீஸ் ரேட்டில் படி என்று எதுவும் இல்லாத இடத்தில் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை என்றால், அந்த மாதக் கணக்கிலேயே இஎஸ்ஐ-யில் கடைசி வேலை நாளையும், பிஎஃப்-பில் விலகிய தேதியையும் காரணத்தையும் போட்டுவிட வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம். போடாமல் விட்டால் அவர் பணம் எடுக்க முடியாமல் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார், ஆய்வுக்கு வருபவரோ பட்டியலில் உள்ள இந்த ஆளின் கூலி எங்கே என்று கேட்பார்.