கேஸ்ட்ரிக் என்று நினைத்து விழுங்கிய வருடங்கள்

ஹட்டன் டவுனில் ஒரு பாமசியில் 11 வருடமாக வேலை செய்கிறேன். “கேஸ்ட்ரிக் குளிசை ஒரு அட்டை தாங்க” என்று வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதும் நான்தான், ஆள் குறைந்த நேரத்தில் அதே பெட்டியிலிருந்து ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொள்வதும் நான்தான். காசைக் கல்லாவில் போட்டுவிடுவேன், அதில் குறை சொல்ல முடியாது. காலையில் வெறும் வயிற்றில் ஒமிப்ரசோல் 20 மில்லிகிராம். நாலு வருடத்துக்கு மேல் இப்படி ஓடியது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கேஸ்ட்ரிக். அப்பாவுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் வெள்ளை மருந்து வாங்கிக் குடித்துக் குடித்து, கடைசியில் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபோது இரைப்பைப் புற்றுநோய் ஈரல் வரைக்கும் போயிருந்தது. அப்போது அவருக்கு 54 வயது.

இவ்வளவு தெரிந்தும் என் வயிற்றையும் அப்பாவின் வயிற்றையும் நான் ஒருநாளும் சேர்த்து யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தது ஒரு இரத்ததான முகாம். போயா நாளில் விகாரையில் வைத்திருந்தார்கள், கடைப் பையன்கள் நாலு பேரும் போனோம். விரலில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தை நீலத் திரவத்தில் விடுவார்கள். இரத்தத்தில் சத்து இருந்தால் துளி அடியில் போய்விடும். மற்ற மூவரின் துளிகளும் கல் மாதிரி இறங்கின. என்னுடையது மேலேயே தயங்கித் தயங்கி நின்றது. மிஸ்ஸி, அதாவது நர்ஸ், அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “மல்லி (தம்பி), நீங்க முதல்ல டொக்டரைப் பாருங்க” என்றார். ஹீமோகுளோபின் 12.5 இருந்தால்தான் இரத்தம் எடுப்பார்கள். வெளியே சோதித்தபோது எனக்கு 9.8. பையன்கள் அன்று முழுக்க என்னை “மிதக்கிற அண்ணே” என்று கூப்பிட்டார்கள்.

நான் பார்த்த டொக்டர் வயசானவர், சிங்களமும் தமிழும் கலந்து பேசுபவர். இரும்புச்சத்துப் பரிசோதனை எழுதினார், அதுவும் குறைவு. அவர் சொன்னது இதுதான்: பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு இரும்பு குறைந்தால் காரணம் தேடுவது ஒருமாதிரி, 36 வயது ஆணுக்குக் குறைந்தால் குடலையும் இரைப்பையையும் பார்க்காமல் விடக் கூடாது. இரத்தம் எங்கேயாவது கசியலாம், இல்லாவிட்டால் இரும்பு உள்ளே உறிஞ்சப்படாமல் இருக்கலாம். “வீட்டில் யாருக்காவது வயிற்றில் கென்சர்?” என்று கேட்டார். அப்பாவைச் சொன்னேன். உடனே வாய் வழியாக இரைப்பைக்குள் கெமரா போட்டுப் பார்க்கக் கடிதம் எழுதினார். இரும்புக் குளிசையோடு தேத்தண்ணி குடிக்காதே, சத்தை உடம்பில் சேரவிடாது என்றும் சொன்னார். ஹட்டனில் இருந்துகொண்டு தேத்தண்ணி குடிக்காமல் இருப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை.

இனி வருவது என் பிழை. கெமராவுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே ஒமிப்ரசோல் நிறுத்த வேண்டும் என்று கடிதத்தோடு தந்த தாளில் இருந்தது. ஏன் என்பதும் பாமசியில் நிற்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிறுத்தினேன். ஐந்தாம் நாள் இரவு நெஞ்சில் நெருப்பைக் கொட்டினாற்போல் எரிந்தது. எழுந்து ஒன்று போட்டேன். அடுத்த நாளும் போட்டேன். ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி “குளிசை நிப்பாட்டினீங்களா?” என்று கேட்டபோது “ஓம்” என்றேன். தேதி தள்ளிப்போனால் இன்னொரு லீவு, இன்னொரு பஸ் பயணம் என்ற கணக்குத்தான் மனசில்.

விடிய நாலரைக்கு பஸ் ஏறினேன். கினிகத்தேனை இறக்கத்தில் வெறும் வயிறு புரட்டியது. நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை தாண்டிக் கண்டிக்குள் போகும்போது நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. கெமராவைப் பற்றிப் பயமுறுத்துகிறவர்கள் நிறையப் பேர், எனவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தொண்டைக்குள் கசப்பான ஒரு மருந்தை அடித்தார்கள், நாக்கின் அடிப்பக்கம் மரத்துப் போனது. இடது பக்கமாகப் படுக்க வைத்து, பல் கடிக்காமல் இருக்க வாயில் ஒரு வளையம் வைத்தார்கள். குழாய் தொண்டையைத் தாண்டும் அந்தக் கொஞ்ச நேரம் கஷ்டம், குமட்டும், கண்ணில் தண்ணீர் வரும். பிறகு மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதும். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. என் வாயில் பட்டதைவிடப் பக்கத்துப் படுக்கைக்காரரின் சத்தம்தான் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது.

இரைப்பையின் கீழ்ப்பகுதியிலும் மேல்பகுதியிலும் மிகச் சிறிய சதைத் துண்டுகள் எடுத்தார்கள். அதில் ஒன்றை மஞ்சள் ஜெல்லி உள்ள ஒரு சின்னத் தட்டில் வைத்தார்கள். ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பக்டீரியா இருந்தால் ஜெல்லி சிவப்பாக மாறும். அந்த பக்டீரியாவிடம் யூரியாவை உடைக்கும் ஒரு நொதியம் உண்டு, உடைத்தால் அமோனியா வரும். அமிலக் குளத்துக்குள் அது செத்துப் போகாமல் இருப்பதும் அந்த அமோனியாவைத் தன்னைச் சுற்றிப் போர்த்திக்கொள்வதால்தான். ஜெல்லியில் இருப்பது யூரியாவும், காரம் பட்டால் நிறம் மாறும் சாயமும்.

என் ஜெல்லி மஞ்சளாகவே இருந்தது. “நெகட்டிவ்” என்று எழுதினார்கள். நான் ஒரு பால் டீயும் ரோல்ஸும் சாப்பிட்டுவிட்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து நுண்ணோக்கி ரிப்போர்ட் வந்தது. நாள்பட்ட அழற்சி, அதுவும் அடங்காமல் நடந்துகொண்டிருக்கும் அழற்சி. கீழ்ப்பகுதியில் இரைப்பையின் உட்சுவர் சில இடங்களில் குடலின் சுவர் மாதிரி மாறியிருக்கிறது. மேல்பகுதியில் எடுத்த துண்டில் வளைந்த பக்டீரியாக்கள் கொஞ்சம். டொக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: “குளிசை நிப்பாட்டினதா, இல்லையா?”

உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒமிப்ரசோல் இந்த பக்டீரியாவைக் கொல்லாது, ஆனால் எண்ணிக்கையைக் குறைத்து, கீழ்ப்பகுதியிலிருந்து மேல்பகுதிக்கு ஒதுங்க வைத்துவிடும். அதனால்தான் ஜெல்லி ஏமாந்தது. இரண்டு இடத்திலும் சதை எடுத்திராவிட்டால் ரிப்போர்ட்டும் ஏமாந்திருக்கும். நாலு வருடமாக நான் கவுண்டரில் விற்றதும் விழுங்கியதும் எரிச்சலை மட்டும் அடக்கி, ஆளை ஒளித்து வைத்திருக்கிறது.

ஒரு பக்டீரியாவுக்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். கிளினிக்கில் அன்று கூட்டம் குறைவு. அவர் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். வீட்டுக்கு வந்து போனிலும் தேடிப் படித்தேன். எனக்குப் புரிந்த விதம் ஒரு தோட்டத்துப் பெரட்டு மாதிரி.

காலையில் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை சொன்னால்தான் ஆள் மலைக்குப் போகும். இத்தனை பேர் கொழுந்துக்கு, இத்தனை பேர் புல்லுக்கு, இன்றைக்கு வேலை இல்லை, வீட்டுக்குப் போ. உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இப்படி ஒரு பெரட்டு உண்டு. வளர், பிரி, நில், சாவு என்று சமிக்ஞைகள் வந்தபடி இருக்கும். இந்த பக்டீரியாவின் சில வகைகளிடம் ஊசி மாதிரி ஓர் அமைப்பு இருக்கிறது. கலத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, அந்த ஊசி வழியாக காக்-ஏ என்ற புரதத்தை உள்ளே செலுத்திவிடும். அது பெரட்டுக்குள் வந்து விழுந்த பொய்க் கட்டளைத் துண்டு. வேடிக்கை என்னவென்றால், அந்தத் துண்டில் கையெழுத்துப் போடுவது கலத்தின் சொந்த ஆட்கள். சார்க் வகை நொதியங்கள் காக்-ஏயில் பொஸ்பேற்றை ஒட்டிவிடுகின்றன. கையெழுத்து விழுந்ததும் ஷிப்-2 என்ற இன்னொரு நொதியம் அதை உண்மையான கட்டளை என்று எடுத்துக்கொண்டு இயங்கத் தொடங்குகிறது. வளரச் சொல்லும் சமிக்ஞை நிற்காமல் போகிறது. பக்கத்துக் கலத்தோடு இருக்கும் பிடியும் தளர்கிறது. ஆய்வுகூடத் தட்டில் இந்தப் புரதம் ஏறிய கலங்கள் ஹம்மிங் பறவையின் அலகு மாதிரி நீண்டுவிடுமாம்.

அழற்சி இதற்குப் பக்கத்தில் நடப்பது. ஊசி பட்ட கலம் அபாயச் சங்கு ஊதுகிறது, அதைக் கேட்டு வெள்ளை அணுக்கள் படையாக வருகின்றன. அவை கக்கும் ஒட்சிசன் நச்சுகள் பக்டீரியா மேல் மட்டுமா விழும்? பக்கத்துக் கலங்களின் டீஎன்ஏ மேலும் விழும். சளிப்படலத்துக்குள் பதுங்கிய பக்டீரியா சாகாது, படையும் திரும்பிப் போகாது. இது வருடக்கணக்கில் நடந்தால் முதலில் அழற்சி, அப்புறம் சுரப்பிகள் தேய்வது, அப்புறம் குடல் மாதிரி மாறுவது, அப்புறம் ஒழுங்கு கெட்ட கலங்கள், கடைசியில் புற்று. நான் மூன்றாவது படியில், அதுவும் அங்கங்கே மட்டும் நின்றேன். அப்பா எல்லாப் படியும் ஏறியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அவரை அப்போது யாரும் இந்தக் கண்ணோடு பார்க்காததால் உறுதியாகச் சொல்ல வழியில்லை.

பயந்துபோன என்னை டொக்டர்தான் அமர்த்தினார். உலகத்தில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இந்த பக்டீரியா இருந்திருக்கிறது, புற்று வருவது அவர்களில் மிகச் சிலருக்கே. 2001இல் வெளியான ஒரு ஜப்பான் ஆய்வில் 1,526 நோயாளிகளைச் சராசரியாக 7.8 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். பக்டீரியா இருந்த 1,246 பேரில் 36 பேருக்கு இரைப்பைப் புற்று வந்தது. இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. அந்த 36ஐப் பார்த்து நிம்மதியடைவதா, அந்தப் பூச்சியத்தைப் பார்த்துப் பயப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இதை 1994இலேயே உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

மருந்து 14 நாள். அமொக்சிசிலின் 1 கிராம், கிளாரித்ரோமைசின் 500 மில்லிகிராம், ஒமிப்ரசோல், மூன்றும் காலையும் மாலையும். கடையில் இதே கூட்டை எத்தனையோ பேருக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஐந்தாறு நாளில் நிறுத்திவிட்டு “வயித்தாலே போகுது” என்று மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்களைப் பார்த்து எரிச்சல் பட்டும் இருக்கிறேன். மூன்றாம் நாள் எனக்குப் புரிந்தது. வாயில் பழைய செப்புக் காசைப் போட்டு வைத்த மாதிரி ஒரு கசப்பு, தூக்கத்திலும் விடாது. தேத்தண்ணி, ரொட்டி, கட்டைச் சம்பல், எல்லாம் அந்தக் காசின் ருசி. வயிறும் இளகியது. மனைவி தயிரும் கஞ்சியுமாகக் கொடுத்தாள். சுவரில் கலண்டரில் ஒவ்வொரு வேளைக்கும் கோடு போட்டேன், 28 கோடு. பாதியில் விட்டால் மிஞ்சுகிற பக்டீரியா அந்த மருந்துக்கே பழகிவிடும், அடுத்த முறை வேறு மருந்து தேட வேண்டும்.

தூக்கம் வராத இரவுகளில் பரி மார்ஷல் பற்றிப் படித்தேன். அவுஸ்திரேலியாவின் பேர்த்தில் அவரும் ரொபின் வொரனும் இந்த பக்டீரியாவை வளர்க்கப் பார்த்து, தட்டுகளை இரண்டு நாளில் வீசிவிடுவது வழக்கமாக இருந்ததாம். 1982இல் ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் கூடுதல் நாள் கிடந்துவிட, அப்போதுதான் அது வளர்ந்து தெரிந்தது. அமிலத்தில் பக்டீரியா வாழாது என்று பெரியவர்கள் நம்ப மறுத்ததால், 1984இல் மார்ஷல் அதைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. நானும் என் வயிற்றில் பரிசோதனை நடத்தியவன்தான், நோபல் இல்லாமல்.

மருந்து முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இல்லை, போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். அதற்கு அன்டிபயோட்டிக் முடிந்து குறைந்தது நாலு வாரம், ஒமிப்ரசோல் இல்லாமல் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். நான் மருந்து கட்டிக் கொடுத்தவர்களில் ஒருவர்கூட இந்த இரண்டாவது பரிசோதனைக்குப் போனதாக என்னிடம் சொன்னதில்லை. எரிச்சல் அடங்கினால் போதும் என்று போய்விடுகிறார்கள். ஒமிப்ரசோலை நிறுத்திய முதல் வாரம் அமிலம் பழிவாங்கியது. இந்த முறை டொக்டர் அனுமதித்த திரவ மருந்தை மட்டும் குடித்து, தலையணையை உயர்த்தி வைத்து, சாப்பாட்டை ஏழு மணிக்கு முடித்துச் சமாளித்தேன்.

பரிசோதனை மலத்தில். போத்தலை மூன்று பொலித்தீன் பையில் சுற்றி, ஐஸ் கட்டியோடு சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கண்டி பஸ்ஸில் கொண்டுபோனேன். பக்கத்து சீட்டு அம்மா கம்பளை வரைக்கும் “என்ன தம்பி, லஞ்சா? மூடியை இறுக்கிப் போட்டிருக்கீங்களா, கொட்டிரும்” என்று அக்கறையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். இறுக்கித்தான் போட்டிருந்தேன்.

நெகட்டிவ். இந்த முறை உண்மையான நெகட்டிவ். மாறிப்போன இடங்கள் உடனே பழையபடி ஆகாது, அப்பாவுக்கு இருந்ததால் மூன்று வருடத்தில் இன்னொரு முறை கெமரா என்று டொக்டர் கிளினிக் புத்தகத்தில் எழுதித் தந்தார். ஹீமோகுளோபின் 12க்கு மேல் வந்துவிட்டது. இடுப்பு வலிக்கு டைக்ளோபெனக் கேட்டு வருகிற கொழுந்துக்காரப் பெண்களிடம் இப்போது கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறேன். அதுவும் தனியாகவே இரைப்பையைப் புண்ணாக்கும். முதலாளிக்கு நான் பேசுவது பிடிக்கவில்லை.

இந்த பக்டீரியா பெரும்பாலும் சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே தொற்றுவது. எங்கள் லயத்துக் காம்பராவில் ஏழு பேர் இருந்தோம், எல்லோருக்கும் ஒரே பீலித் தண்ணி. தம்பி பரிசோதித்துவிட்டான், அவனுக்கு இல்லை. அம்மாதான் பிடி கொடுக்கவில்லை. “எனக்கு என்னாப்பா, வெறும் கேஸ்ட்ரிக்குத்தானே” என்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை போத்தலைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். நேற்று போன் எடுத்துக் கேட்டால், மூடி நல்லா இறுக்கமா இருக்குதாம், மிளகு போட்டு வைத்திருக்கிறாராம். இந்த ஞாயிறு இன்னொன்று கொண்டுபோக வேண்டும்.