அம்மாவின் இடது கண்

ஜனவரி 9, வியாழன்
இன்றும் வலிக்கவில்லை என்கிறாள்.

ஜனவரி 10, வெள்ளி
டாக்டர் பஞ்சை நூலாகத் திரித்து வலது கருவிழியைத் தொட்டார். அம்மா வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டாள். இடது கண்ணில் தொட்டபோது அசையவே இல்லை. "தொட்டாச்சா?" என்று கேட்டாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பிறகு மஞ்சள் சாயம், நீல விளக்கு. கருவிழி நடுவில் புண் பச்சையாக ஒளிர்ந்தது, ஓரங்கள் மழமழவென்று. நெற்றி அக்கி காய்ந்து தழும்பாகிவிட்டது. மூக்கு நுனியில் கொப்புளம் வந்த அன்றே கண்ணைப் பார்க்கச் சொன்னார்கள். இரண்டுக்கும் போவது ஒரே நரம்புக் கிளை. அக்கி அந்த நரம்பைத்தான் கெடுத்துவிட்டது.

ஜனவரி 13, திங்கள்
பெரியம்மா போனில்: "வலி இல்லேன்னா நல்லதுதானடி?"

எத்தனை பேருக்குச் சொல்வது! உடம்பிலேயே நரம்பு மிக நெருக்கமாக இருக்கும் இடம் கருவிழி, தோலைவிட நூற்றுக்கணக்கான மடங்கு. வலியைச் சொல்வது மட்டும் அந்த நரம்புகளின் வேலை இல்லை. அவற்றின் நுனிகளிலிருந்து கசிகிற பொருள்கள்தான் மேலிருக்கும் செல்களை வளரவைத்து, புண்ணை மூடவைக்கின்றன. நரம்பு போனால் கண்ணீர் குறையும், இமைப்பது குறையும், தானாக ஆறவேண்டிய சிராய்ப்பு ஆறாமல் கிடந்து உள்ளே குழியும். குழிந்து ஓட்டையானாலும் அவளுக்குத் தெரியாது. தெரியவே தெரியாது. அதுதான் என் பயம்.

ஜனவரி 14
பொங்கல். புகையில் வலது கண் எரிகிறது என்றாள். இடது கண்ணில் ஒன்றுமில்லையாம். உள்ளே போகச் சொல்லிக் கத்திவிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்
சீரம் சொட்டு ஆரம்பம். அவள் ரத்தத்தையே எடுத்து, உறையவிட்டு, சுழற்றி, மேலே தெளியும் மஞ்சள் நீரை உப்பு நீரில் 20 சதவீதமாகக் கலந்து குட்டிக் குப்பிகளில் கொடுத்தார்கள். நரம்பை வளர்க்கும் புரதம் அதில் கொஞ்சம் இருக்கிறது. "என் ரத்தத்த எனக்கே ஊத்துறியா?" என்று சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று அவள் சிரித்து.

ஜனவரி 23, இரவு
தூக்கம் வரவில்லை. அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தவரைப் பற்றிப் படித்தேன். ரீத்தா லெவி-மொன்டால்சினி, இத்தாலிய விஞ்ஞானி. யூதர் என்பதால் முசோலினியின் சட்டம் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றியது. தூரின் நகரில் தன் படுக்கையறையையே ஆய்வகமாக்கி, கோழிக் கருக்களில் நரம்பு வளர்வதையும் சாவதையும் பார்த்துக்கொண்டிருந்தார், வெளியே போர். 1986இல் நோபல். 2018இல் அமெரிக்காவில் அதே புரதம் கண் சொட்டு மருந்தாக அனுமதி பெற்றது: தினம் ஆறு வேளை, எட்டு வாரம். விலையைப் பார்த்த அண்ணன் போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான்.

பிப்ரவரி 2
டிவி பார்க்கும்போது இமைக்கவே மாட்டேன் என்கிறாள். இமை அம்மா. இமை.

பிப்ரவரி 7, வெள்ளி
புண் சுருங்கியிருக்கிறது! இமைகளைச் சேர்த்துத் தைப்பது இப்போதைக்கு வேண்டாம்.

ஆனால் புண் ஆறுவது வேறு, நரம்பு வளர்வது வேறு என்றார் டாக்டர். நரம்பு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வளர வேண்டும். மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். வருவதும் பழையபடி நேராக, நெருக்கமாக வருவதில்லை, மெலிந்து நெளிந்து வரும். அக்கி ஒரு கண்ணில் வந்தாலும் மற்ற கண்ணிலும் நரம்பு குறையலாமாம். வலது கண்ணிலுமா?

பிப்ரவரி 8
வலது கண். வலது கண். அதையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்
கருவிழியைத் தொட்டு உணர்வு எவ்வளவு என்று பார்க்கும் நைலான் இழைக் கருவி. இழையை 6 செ.மீ. நீட்டினால் மெத்தென்று வளையும், குறைக்கக் குறைக்க விறைக்கும். போன முறை அரை செ.மீ.க்குக்கூட ஒன்றும் தெரியவில்லை. இன்று ஒரு செ.மீ.யில், மூக்குப் பக்க ஓரத்தில், "குத்துது, எடுங்க" என்றாள்.

அவளுக்குக் கோபம். நான் அழுதுவிட்டேன். நடுவில் இன்னும் ஒன்றுமில்லை. இருக்கட்டும். ஓரத்திலிருந்துதானே வரவேண்டும்.

மார்ச் 6
சீரம் நாளையோடு தீர்கிறது. ரத்தம் எடுக்க வெறும் வயிற்றில் போகணுமா, காலையில் போன் செய்து கேட்க வேண்டும்.