ரெயூனியனில் வீட்டுப்பள்ளி: புதன்கிழமை மதியத்தை விட்டுவிடாதீர்கள்

பாண்டியிலிருந்தோ காரைக்காலிலிருந்தோ பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு, இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் வந்து இறங்கும் குடும்பம், 'பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைக்கப் போகிறோம்' என்று சொன்னால், ஊரில் இருக்கும் பெரியம்மாவிலிருந்து பக்கத்து வீட்டு மதாம் வரை கேட்பது ஒரே கேள்விதான்: 'விளையாட யார் இருப்பா?' பாடத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேள்வி நியாயமானதே. இந்தத் தீவில் அதற்கான பதில் பெரும்பாலும் புதன்கிழமை மதியத்தில் இருக்கிறது. கொலேஜ் எனப்படும் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதனன்று காலை மட்டும்தான் வகுப்பு. ஆரம்பப் பள்ளிகள் அன்று முழு நாளோ மதியத்துக்கு மேலோ விடுமுறை. கால்பந்து, ஜூடோ, நடனம், நீச்சல், ஓவியம் என்று பிள்ளைகளுக்கான எல்லாமே அந்த மதியத்தில்தான் நடக்கும். மற்ற நாட்களின் காலை முழுவதும் உங்கள் பிள்ளைக்குக் காலியாக இருக்கும். ஆனால் அப்போது தெருவில் வேறு பிள்ளை இருக்காது.

அதற்கு முன் தாள் வேலை. பிரான்சில் 3 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். முன்பெல்லாம் வீட்டில் படிக்கவைக்கிறோம் என்று தெரிவித்தால் போதும். 2021 ஆகஸ்ட் 24 சட்டம் வந்த பிறகு, 2022 கல்வியாண்டு முதல் அனுமதி வாங்கியாக வேண்டும். விண்ணப்பப் படிவம் செர்ஃபா 16212; அது தீவின் கல்வித் துறைத் தலைமை அலுவலகமான ரெக்டோராவுக்குப் போகும். சட்டம் ஏற்கும் காரணங்கள் நான்கே: உடல்நலம் அல்லது மாற்றுத்திறன், தீவிர விளையாட்டு அல்லது கலைப் பயிற்சி, ஊர் ஊராக நகரும் குடும்பம் அல்லது பள்ளிக்கு எட்டாத தொலைவு, பிள்ளைக்கே உரிய தனி நிலைமையும் அதற்கேற்ற கல்வித் திட்டமும். அடுத்த கல்வியாண்டுக்கான விண்ணப்பத்தை மார்ச் 1 முதல் மே 31-க்குள் கொடுக்க வேண்டும். இரண்டு மாதம் பதிலே வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகப் பொருள். மறுத்தால் மேல்முறையீட்டுக்கு 15 நாள்தான்.

ஜூலையில் விமானம் ஏறுபவர்கள் இந்தத் தேதியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். உடல்நலம், மாற்றுத்திறன், தொலைவு ஆகியவை பிறகு முளைத்தால் மட்டுமே மே மாதத்துக்குப் பின் கேட்க முடியும். மற்றவர்கள் முதல் ஆண்டு பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கத்தான் வேண்டும். அது நட்டமில்லை. அந்த ஓராண்டில் பிள்ளைக்குப் பிரெஞ்சு வாயில் ஏறும், வகுப்பில் நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அடுத்த ஆண்டு புதன் மதியத்துக்கு அந்த நாலு பேர்தான் முதலீடு.

பெரும்பாலோர் போவது நான்காவது காரணத்தில். அதற்குக் கல்வித் திட்டத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும்: எந்தப் பாடம், எப்படி, எந்தப் புத்தகம், வாரத்தில் எந்த நேரம். கூடவே, பெரும்பகுதி பிரெஞ்சிலேயே கற்பிப்போம் என்ற உறுதிமொழியும், கற்பிப்பவரின் படிப்புச் சான்றும் வேண்டும். குறைந்தது பாக், அதாவது பிரெஞ்சுப் பள்ளி இறுதித் தேர்வு நிலை. இந்தியப் பட்டம் வைத்திருப்பவர் அது பாக்கோடு ஒப்பிடத்தக்கது என்று காட்ட வேண்டியிருக்கும். 'ஃபிரான்ஸ் எடுகாசியோன் இன்டர்நாசியோனல்' தரும் ஒப்பீட்டுச் சான்று அதற்கு உதவும். சான்றிதழ்களை நீதிமன்றப் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம்தான் பிரெஞ்சாக்க வேண்டும். தெரிந்த அண்ணன் செய்து கொடுத்த மொழிபெயர்ப்பு செல்லாது.

மறுக்கப்படும் திட்டங்களில் இரண்டு நோய் அடிக்கடி தெரியும். ஒன்று, எங்கிருந்தோ எடுத்த மாதிரியில் பிள்ளையின் பெயரை மட்டும் மாற்றியது. இன்னொன்று, பள்ளிக்கூடம் ஏன் மோசம் என்று மூன்று பக்கம் எழுதியது. அதிகாரி தேடுவது பள்ளியைப் பற்றிய உங்கள் கருத்தை அல்ல; இந்தப் பிள்ளைக்கு ஏன் இந்த முறை என்பதை. தமிழ் கற்பிப்பதைத் தாராளமாக எழுதலாம், இரண்டாம் மொழியாக. முழுப் படிப்பும் தமிழில் என்ற தொனி வந்துவிட்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

காசு விஷயம் ஒன்று. ஆகஸ்டில் குடும்ப உதவித்தொகை அலுவலகமான காஃப் தரும் பள்ளி தொடக்க உதவித்தொகை வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு வராது. அரசின் தொலைக்கல்வியான க்நெட்டில் முறைப்படி சேர்க்கப்பட்டவர்கள் விலக்கு. வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டு நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டாம்.

இனி புதன்கிழமைக்கு வருவோம். இங்கே பள்ளி ஆகஸ்ட் நடுவில் திறக்கும். அதை ஒட்டிய வாரங்களில் ஒவ்வொரு கம்யூனிலும் (நகராட்சியிலும்) 'ஃபோரம் தெ அசோசியாசியோன்' என்ற சங்கங்களின் கூட்டம் நடக்கும். மைதானத்தில் வரிசையாக மேசை போட்டு ஊரில் உள்ள சங்கங்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கும். ஆண்டுச் சேர்க்கை அங்கேதான். பள்ளிப் பிள்ளைக்குத் துண்டுக் காகிதம் பையில் வந்துவிடும், வீட்டுப்பள்ளிக் குடும்பத்துக்கு யாரும் சொல்லமாட்டார்கள். அக்டோபரில் போய்க் கேட்டால் 'இடமில்லை, அடுத்த ஆகஸ்ட் வாங்க' என்பார்கள். ஓர் ஆண்டு போயிற்று. தேதியை மெரியில் (நகராட்சி அலுவலகத்தில்) ஜூலையிலேயே கேட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

கையோடு எடுத்துப்போக வேண்டியவை: பிள்ளையின் அடையாள அட்டை நகல், இரண்டு புகைப்படம், மூன்று மாதத்துக்குள் வந்த மின்சார அல்லது தண்ணீர் பில், காசோலைப் புத்தகம். ஆம், காசோலைதான், ஆண்டுக் கட்டணத்தை மூன்று காசோலையாகப் பிரித்து வாங்கிக்கொண்டு மூன்று மாதத்தில் ஒவ்வொன்றாகப் போடும் பழக்கம் இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தால் பில் உங்கள் பெயரில் இருக்காது. அப்போது 'இவர்கள் என் வீட்டில் தங்கியிருக்கிறார்கள்' என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம், அவர் அடையாள அட்டை நகல், அவர் பில் மூன்றும் வேண்டும். நூலக அட்டைக்கும் இதே கட்டுதான், ஆகவே நாலு நகல் எடுத்துவையுங்கள். பெரும்பாலான விளையாட்டுகளுக்கு மருத்துவச் சான்று இப்போது தேவையில்லை. உடல்நலக் கேள்வித்தாள் நிரப்பினால் போதும். ஏதாவது ஒரு கேள்விக்கு 'ஆம்' என்று வந்தால்தான் டாக்டர். பாய்மரப் படகு, கயாக் போன்றவற்றுக்கு நீரில் பயமின்றி மிதக்கத் தெரியும் என்ற சான்று கேட்பார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஒன்று குழு விளையாட்டாக இருக்கட்டும். ஜூடோவிலும் நடனத்திலும் பிள்ளை மணி அடித்ததும் வீட்டுக்கு வந்துவிடும். கால்பந்து, ஹேண்ட்பால் என்றால் சனிக்கிழமை ஆட்டம் உண்டு. இன்று சேன்-லூ, அடுத்த வாரம் லெ தாம்போன் என்று போக வேண்டும். பெற்றோர் முறை போட்டு வண்டி ஓட்டுவார்கள். உங்கள் முறையை மறக்காமல் ஓட்டினால் இரண்டு மாதத்தில் பிறந்தநாள் அழைப்பு வரும். அம்மா அப்பாவுக்கும் சிநேகிதம் கிடைப்பது அந்த வண்டியில்தான். மூன்று வகுப்புக்கு மேல் சேர்ப்பது வீண். மாலை நாலரைக்கு மேல் சாலை நெரிசலில் பிள்ளை காருக்குள்ளேயே வளரும்.

மற்ற வீட்டுப்பள்ளிக் குடும்பங்களும் தீவில் உண்டு. வார நாள் காலையில் பூங்காவில் கூடுவார்கள். சேன்-தெனியில் ஜார்தேன் தெ லெத்தா நல்ல இடம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அதற்குள்ளேயே இருக்கிறது. சேந்த்-அந்த்ரேயில் கொலோஸ் பூங்கா. பள்ளிக் கூட்டம் இல்லாத நேரத்தில் சேன்-லூவின் கெலோனியாவில் ஆமைகளைப் பார்க்கலாம், பழைய சர்க்கரை ஆலையான ஸ்தெல்லா மத்துத்தினாவில் கரும்பு எந்திரங்களைச் சாவகாசமாகப் பார்க்கலாம். திங்கட்கிழமை கிளம்பாதீர்கள், பல அருங்காட்சியகங்கள் அன்று மூடியிருக்கும். கடலென்றால் லெர்மித்தாஜ் போன்ற லகூன் பகுதி (பவளத்திட்டு அணைத்த ஆழமற்ற கடல்) மட்டும். சுறாத் தாக்குதல்களால் 2013 முதல் லகூனுக்கும் காவலர் உள்ள பகுதிக்கும் வெளியே குளிக்கத் தடை. இந்தக் கூட்டங்கள் நல்லவை, ஆனால் குடும்பங்கள் வடக்கிலும் தெற்கிலும் சிதறிக் கிடக்கின்றன. மாதத்தில் இரண்டு முறை பார்க்கும் பிள்ளை உயிர்த் தோழனாவது கடினம். முதுகெலும்பு புதன்கிழமைதான்.

காலியான காலைகளுக்குச் சந்தையைவிடச் சிறந்த வகுப்பறை இல்லை. சேன்-தெனியில் ஷோத்ரோன் சந்தை புதன், ஞாயிறு காலைகளில். சேன்-போலில் வெள்ளி நாள் முழுவதும், சனி காலையும். ஒரு கடை முன்னால் பிள்ளையை நிறுத்துங்கள். கட்டுக் கட்டாகக் கறிவேப்பிலை இருக்கும். கடைக்கார அம்மா அதைக் 'கலுப்பிலே' என்பார். கொத்தமல்லி 'கொத்தோமிலி'. முருங்கைக் கீரை 'ப்ரேத் முரும்'. வெண்டைக்காய் 'லாலோ', பீர்க்கங்காய் 'பிப்பங்காய்'. பருப்பு வடையைச் சுடச்சுட 'போன்போன் பிமா' என்று பொட்டலம் கட்டிக் கொடுப்பார். 1848-ல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்களின் வாயிலிருந்து, தீவின் பேச்சுமொழியான கிரியோலுக்குள் விழுந்த சொற்கள் இவற்றில் பல. சில்லறையைப் பிள்ளையே எண்ணிக் கொடுக்கட்டும். விலையைப் பிரெஞ்சில் கேட்டு, பெயரைக் கிரியோலில் சொல்லி, வீட்டுக்கு வந்து தமிழில் எழுதினால் மூன்று பாடம் முடிந்தது. கிரியோல் வேண்டாம் என்று தடுக்காதீர்கள். மைதானத்தில் பந்தைக் கேட்கும் மொழி அதுதான். வீட்டுப் படிப்பைச் சோதிக்க வரும் கல்வி ஆய்வாளர் கேட்கும்போது பிரெஞ்சு பேசினால் போதும்.

மல்பார் என்று இங்கே அழைக்கப்படும் தமிழ் வழியினர் உங்களை அன்போடு சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் தமிழில் அல்ல. பெயர் ராமசாமி, முத்துசாமி என்று இருக்கும், பேச்சு கிரியோல். கோயிலில் பாட்டைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவதையும் பார்க்கலாம். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை அங்கே சட்டென்று மதிப்புப் பெறும். அதைக் கெடுக்க ஒரு வாக்கியம் போதும்: 'நம்ம ஊர்ல இப்படிச் செய்யமாட்டோம்.' பாஞ்சாலியைப் 'பாந்தியாலே' என்பார்கள், தீமிதிக்கு 18 நாள் கடும் விரதம் இருப்பார்கள். அதில் குறை காண நமக்கு என்ன இருக்கிறது? காளி கோயில்களில் ஆடு, சேவல் பலி உண்டு. சைவ வீட்டுப் பிள்ளையை முதல் முறை அழைத்துப் போகுமுன் சொல்லிவிடுங்கள்.

ஞாயிறென்றால் பிக்னிக். சவுக்கு மரத்தடியில் அடுப்பில் பெரிய மர்மித் (சமையல் பானை) ஏறும், மூன்று தலைமுறையும் பாய் விரிக்கும். விடுமுறை நாட்களில் விடியுமுன்னே வந்து தார்ப்பாய் கட்டி இடம் பிடிப்பவர்கள் உண்டு. அழைப்பு வந்தால் என்ன கொண்டுவரட்டும் என்று கேளுங்கள். வெறும் கையோடு போகாதீர்கள். எலுமிச்சை சாதமும் ஊறுகாயும் தட்டு காலியாகித் திரும்பும் வகை.

வீட்டுப் படிப்பு பற்றிய கல்வித் துறை ஆய்வு ஆண்டுக்கு ஒரு முறையாவது நடக்கும். கடிதம் குறைந்தது ஒரு மாதம் முன்பே வரும். போதாது என்றால் இரண்டாம் ஆய்வு. அதிலும் தேறாவிட்டால் 15 நாளுக்குள் பள்ளியில் சேர்க்க உத்தரவு. மேசையில் தேதியிட்ட நோட்டுகளை வையுங்கள், திருத்தமும் தப்பும் தெரிகிற அசல் நோட்டுகளை. புதிதாகப் படியெடுத்த அழகான நோட்டு சந்தேகத்தைத்தான் கிளப்பும். இது தவிர மெரியிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குடும்ப விசாரணைக்கு வருவார்கள். அது படிப்பைப் பற்றியது அல்ல.

கடைசியாக, புதியவர்கள் எதிர்பார்க்காத பள்ளம் ஒன்று: டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி கடைசி வரை. அதுதான் இங்கே கோடை நீள் விடுமுறை. சங்கங்கள் நின்றுவிடும், பாதி நண்பர்கள் பிரான்சுக்கோ மொரீசியசுக்கோ போய்விடுவார்கள், புயல் காலம் வேறு. ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் பிள்ளைகளுக்கான எல்லாம் மூடும், சிவப்பு வந்தால் வீட்டைவிட்டே வெளியேறக் கூடாது. அந்த வாரங்களுக்குக் கம்யூன் நடத்தும் விடுமுறை மையம்தான் வழி. பள்ளியில் இல்லாத பிள்ளையும் சேரலாம். கட்டணம் காஃப் கணக்கிடும் குடும்ப வருமான எண்ணைப் பொறுத்தது, புதிதாக வந்தவர்களுக்கு அந்த எண் வரவே மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே காஃப் கோப்பை வந்த வாரமே தொடங்கிவிட்டு, மையத்தின் சேர்க்கைத் தேதியை அக்டோபரிலேயே மெரியில் விசாரித்துவிடுங்கள்.